அ வண்டி, ஆ வண்டி, ஆறுதல்

சென்னைத் தலைமையகத்திலிருந்து வந்த கடிதத்தில் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. நெடுஞ்சாலை வழித்துணைப் பிரிவுக்கு வாங்கப்போகும் இரண்டு ஸ்போர்ட் டூரிங் மோட்டார் சைக்கிள்களின் ரைடிங் கம்ஃபர்ட்டை ஒப்பிட்டு அறிக்கை அனுப்பவும். எதில் உட்கார்ந்து போனால் சுகம், எது முதுகை ஒடிக்கும் என்று கேட்டிருக்கிறார்கள். விழுப்புரத்தில் வண்டி வைத்திருக்கும் எவனைக் கேட்டாலும், வாங்கிய டீ ஆறுவதற்குள் சொல்லியிருப்பான்.

ஆனால் கடிதம் போய்ச் சேர்ந்தது மாவட்ட ஊர்தி ஒப்பீட்டு அலுவலகத்துக்கு. அப்படியொரு அலுவலகம் இருப்பது ஊரில் பலருக்குத் தெரியாது. எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பாவத்தால் எனக்குத் தெரியும். போன வருடம் இரண்டு குப்பை லாரிகளை ஒப்பிட்டு, 'முதலாவது இரண்டாவதைப் போலவே இருக்கிறது. இரண்டாவது மட்டும் சற்று வேறுபடுகிறது' என்று அறிக்கை கொடுத்தவர்கள் அவர்கள். அதை நான்தான் நாற்பது பிரதி எடுத்தேன்.

அங்கே ஒரு விதி. இங்கிலீஷில் வரும் கடிதத்தைத் தமிழாக்கி, எண் போட்ட பிறகுதான் படிக்க வேண்டும். அந்த வேலை கண்காணிப்பாளர் ஜெசிந்தா மேடத்துடையது. ஸ்போர்ட் டூரிங் என்பதை விளையாட்டுச் சுற்றுலா என்று ஒரே மூச்சில் மாற்றிவிட்டார். கம்ஃபர்ட்டில்தான் கொஞ்சம் நின்றார். அவர் ஞாயிறு தவறாமல் மாதா கோவிலுக்குப் போகிறவர். சாவு வீட்டு ஜெபத்தில் அந்த வார்த்தையை இரண்டு பாஷையிலும் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர். கம்ஃபர்ட் என்றால் அவருக்கு ஆறுதல். அதைத் தவிர வேறெதுவும் அந்த இடத்தில் அவர் மனதுக்கு வரவில்லை.

ஆகவே தமிழில் உத்தரவு இப்படி ஆயிற்று: 'இரண்டு விளையாட்டுச் சுற்றுலா மோட்டார் சைக்கிள்கள் அளிக்கும் சவாரி ஆறுதலை ஒப்பிட்டு அறிக்கை அனுப்புக.'

மறுநாள் பிரதி எடுக்கக் கொண்டுவந்தபோது மேடத்துக்கே லேசாகச் சந்தேகம் தட்டியது.

"நிஜாம் பாய், கம்ஃபர்ட்னா சௌகரியம்னும் சொல்லலாம் இல்ல?"

"அதான் மேடம் சரி. வண்டிக்கு எதுக்கு ஆறுதல்?"

"ஐயையோ. எண் போட்டாச்சே."

எண் போட்ட தவறு எண் போடாத சரியைவிடப் பெரியது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஒப்பீட்டு அலுவலர் சீனுவாசன் அந்த உத்தரவைப் படித்துக் கண் கலங்கினாராம். அரசாங்கம் கடைசியில் மனிதனின் மனதைப் பற்றியும் யோசிக்கத் தொடங்கிவிட்டது என்று சொன்னாராம். அடுத்த கணமே சிக்கலையும் அவரே கண்டுபிடித்தார். ஆறுதலை அளக்க வேண்டுமென்றால் முதலில் துயரம் வேண்டும். சந்தோஷமாக இருப்பவனை வண்டியில் ஏற்றினால் என்ன ஆறுதல் கிடைத்தது என்று எப்படித் தெரியும்? எனவே கியர் வண்டி லைசென்ஸும் துயரமும் ஒருங்கே உள்ள ஒருவரைத் தேடி நேர்முகத் தேர்வு வைத்தார்கள்.

திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கரும்பு விவசாயி வந்தார். பெண்ணையாற்று வெள்ளம் தோட்டத்தில் ஏறியிருந்தது. "தங்கள் துயரம் வேளாண்மைத் துறைக்குச் சேரும்" என்று திருப்பி அனுப்பினார்கள். வானூர்க் கொத்தனார் ஒருவர் இடுப்பு உடைந்து வேலை போனதைச் சொல்லி அழுதார். தொழிலாளர் துறை. காதல் தோல்வியோடு வந்த ஒரு கல்லூரி மாணவரை, "இது தற்காலிகத் துயரம்" என்று தள்ளினார்கள்.

அப்போதுதான் ஜெசிந்தா மேடத்துக்கு என் ஞாபகம் வந்திருக்கிறது. சில நாள் முன்பு அவர் "வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று விசாரித்ததற்கு, "வீடு சௌக்கியம் மேடம். வீட்டுக்காரிதான் இல்ல" என்று சொல்லியிருந்தேன்.

நடந்தது இதுதான். திண்டிவனத்தில் என் மச்சினி ஷிஃபாவின் நிச்சயதார்த்தம். நானும் என் மனைவி சமீராவும் என் பழைய பைக்கில் விழுப்புரத்திலிருந்து போய் இறங்கினோம். "இடுப்பு கழண்டு போச்சு. வண்டில ஷாக் அப்சார்பர் இருக்கா இல்லையா?" என்றாள் சமீரா. சுற்றிலும் சொந்தக்காரர்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். "ஷாக் அப்சார்பர் நல்லாத்தான் இருக்கு. லோடுதான் ஓவர்" என்றேன். பந்தலே சிரித்தது. அன்று சாயங்காலம் நான் மட்டும் லோடு இல்லாமல் விழுப்புரம் திரும்பினேன். ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. போன் போட்டால் எடுக்க மாட்டாள். எடுத்தாலும் நான் ஏதாவது தமாஷாக ஆரம்பிப்பேன், வைத்துவிடுவாள்.

சீனுவாசன் சார் என்னைக் கூப்பிட்டு ஏற இறங்கப் பார்த்தார். "பொண்டாட்டி கோச்சிக்கினு போறதுக்குன்னு கவர்மெண்ட்ல துறை எதுவும் இல்ல. சுத்தமான துயரம். செலக்டட்!"

எனக்கு ஆறுதலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். சோதனை ஓட்டம் திண்டிவனம் வரைக்கும் என்று சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக ஒத்துக்கொண்டேன். தனியாகப் போய் நின்றால் மாமனார் கதவைத் திறப்பாரோ மாட்டாரோ, ஜீப்போடு போனால் திறந்துதானே ஆக வேண்டும்?

துயரச் சான்றிதழ் கேட்டார்கள். கிராம நிர்வாக அலுவலர் நேரில் வந்து வீட்டைப் பார்வையிட்டார். அந்த நேரம் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்கிறீங்களே, துயரம் நெஜமா?" என்று சந்தேகப்பட்டார். பிறகு சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். கழுவாத பாத்திரங்களுக்கு மேலே குஸ்கா பார்சல் கவர்கள் குவிந்திருந்தன. கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

சோதனை நாளன்று அலுவலக வாசலில் ஷாமியானா போட்டிருந்தது. விளையாட்டுச் சுற்றுலா என்று இருந்ததால் உத்தரவின் நகல் இரண்டு துறைகளுக்குப் போயிருந்தது. சுற்றுலாப் பக்கத்திலிருந்து ஒரு மாலையும், செஞ்சிக் கோட்டையைப் பற்றிய துண்டுப் பிரசுரமும் வந்தன. விளையாட்டுப் பக்கத்திலிருந்து குமரேசன் என்ற அதிகாரி விசிலோடு வந்து, மாலை போட்டிருந்த என்னைக் குனிந்து நிமிரச் சொன்னார். நூறு மீட்டரா, மாரத்தானா என்று கேட்டார். திண்டிவனம் வரைக்கும் என்றேன். "மாரத்தான்" என்று எழுதிக்கொண்டார்.

சீனுவாசன் சார் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே! நான் இதுநாள்வரை எந்த மோட்டார் சைக்கிளிலும் ஏறியதில்லை என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். ஏறியவனுக்கு விருப்பு வெறுப்பு வரும். ஏறாதவனுக்கே நடுநிலை வரும். குப்பை லாரிகளை ஒப்பிட்டபோதும் நான் குப்பைப் பக்கம் போனதில்லை. சிலர் கேட்கிறார்கள், வண்டி எப்படி இருக்கிறது என்று ஓட்டுகிறவனைக் கேட்டால் போதாதா என்று. ஓட்டுகிறவனைக் கேட்டால் அவன் சொல்லிவிடுவான். அப்புறம் இந்த அலுவலகம் எதற்கு?"

கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

இரண்டு வண்டிகளும் பக்கத்தில் நின்றன. கம்பெனிப் பெயரைச் சொன்னால் விளம்பரம் ஆகிவிடும் என்பதால் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்து, சிவப்பு வண்டிக்கு அ என்றும் சாம்பல் வண்டிக்கு ஆ என்றும் பெயர் வைத்திருந்தார்கள். போகும்போது அ, வரும்போது ஆ. அதற்காக ஆ வண்டியை ஒரு மினி லாரியில் ஏற்றிக் கட்டினார்கள். அன்று மிகவும் சுகமாகப் பயணம் செய்தது அந்த வண்டிதான்.

என் பழைய பைக்கை எருமை என்று வைத்துக்கொண்டால் அ வண்டி ஜல்லிக்கட்டுக் காளை. உட்கார்ந்ததுமே நம்மைக் குப்புறத் தள்ளியது. கைப்பிடி தாழ்வாகவும் தூரமாகவும் இருந்ததால் உடம்பு பாரமெல்லாம் மணிக்கட்டில் இறங்கியது. கால் வைக்கும் இடம் பின்னால் இருந்தது. சீட்டோ பெஞ்சுப் பலகைக்கு மெல்லிசாக உறை தைத்த மாதிரி. முண்டியம்பாக்கம் வருவதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது. ஆனால் நல்ல ரோட்டில் முறுக்கினால், பொய் சொல்லக் கூடாது, கோடு போட்ட மாதிரி போயிற்று. காற்று மட்டும் நெஞ்சில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே இருந்தது.

பின்னால் ஜீப்பில் குழு வந்தது. விக்கிரவாண்டியில் விசில் ஊதி நிறுத்தினார்கள்.

"இப்போது எப்படி இருக்கிறது?" என்றார் சீனுவாசன்.

"மணிக்கட்டு விட்டுப் போச்சு சார். முட்டி மடங்கி மடங்கி வலிக்குது. வலது கால்ல இஞ்சின் சூடு வேற."

"மணிக்கட்டைப் பற்றி உத்தரவு எதுவும் இல்லை. மனசு எப்படி இருக்கிறது?"

"சார், சீட்டு ரொம்ப கட்டையா..."

"நிஜாமுதீன், திரும்பத் திரும்ப உடம்பைப் பற்றியே பேசுகிறீர்கள். உங்கள் மனைவி பிரிந்த துயரம், விழுப்புரத்தில் இருந்ததைவிட விக்கிரவாண்டியில் குறைந்திருக்கிறதா?"

"அப்படியேதான் சார் இருக்கு."

"மேடம், எழுதிக்குங்க. அ வண்டி, விக்கிரவாண்டி, துயரம் மாறவில்லை."

எங்கே வலிக்கிறது என்று சொல்லும் ஒருவனிடம், வலியைத் தவிர மற்றதெல்லாம் கேட்கிறார்களே என்று எனக்குப் பேஜாராக இருந்தது.

திண்டிவனத்தில் மாமனார் வீட்டு வாசலில் ஜீப்பும் மினி லாரியும் நானும் போய் நின்றோம். மாமனார் அக்பர் அலி துபாயில் கிரேன் ஓட்டிவிட்டு ஓய்வில் இருப்பவர். வெளியே வந்து கூட்டத்தைப் பார்த்தவர் முகம் மாறியது.

"இன்னா மாப்ளே இது, ஜப்தி பண்ண ஆளக் கூட்டிக்கினு வந்திருக்கியா?"

"இல்ல மாமா. சவாரி ஆறுதல் ஒப்பீட்டுக் குழு."

"அது என்னா எழவோ. உள்ள வா."

வாசல் திரைக்குப் பின்னால் சமீரா நின்றிருந்தாள். இளைத்தாளா பெருத்தாளா என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. சீனுவாசன் சார் என் சான்றிதழை எடுத்து, 'மனைவியைப் பிரிந்து துயருறுகிறார்' என்ற வரியை உரக்கப் படித்துக் காட்டினார்.

"நம்ம சண்டையக் கொண்டும் போயி ஆபீஸ்ல பதிஞ்சி வெச்சிருக்கீங்களா மச்சான்? வெக்கமா இல்ல?" என்றாள் சமீரா.

பதியாத சண்டை கோர்ட்டில் செல்லாது என்று ஒரு ஜோக் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. மென்று விழுங்கினேன்.

"சமீரா, நான் வந்து..."

"நிறுத்துங்கள்!" என்று சீனுவாசன் சார் பாய்ந்து வந்தார். "சமாதானம் ஆகிவிடாதீர்கள்! அ வண்டியில் ஏற்றிய அதே துயரத்தைத்தான் ஆ வண்டியிலும் ஏற்ற வேண்டும். துயரம் குறைந்துவிட்டால் தணிக்கையில் ஆட்சேபம் வரும். அம்மா, தயவுசெய்து கோபத்தைச் சாயங்காலம்வரை பராமரிக்கவும்."

"யோவ், எங்க ஊட்டு சண்டைய நீட்டிக்கச் சொல்றதுக்கு நீ யாருய்யா?" என்றார் மாமனார்.

"இன்று ஒரு நாள் மட்டும் நீட்டிப்பு. விழுப்புரம் போய்ச் சேர்ந்ததும் சமாதானம் ஆகிக்கொள்ளலாம். அலுவலகத்துக்கு ஆட்சேபணை இல்லை."

பிறகு அவர் இன்னொன்றும் சொன்னார். ஆ வண்டிக்குப் பின்சீட்டு ஆறுதலையும் அளக்க வேண்டியிருக்கிறது. பின்னால் உட்கார்பவர் அதே துயரத்தில் பங்குள்ளவராக இருந்தால் நல்லது.

எல்லோரும் சமீராவைப் பார்த்தோம். அவள், அ வண்டியை ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்த மினி லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த லாரி விழுப்புரம் போயிட்டு சும்மாத்தான திரும்பும்?" என்று டிரைவரைக் கேட்டாள். "திண்டிவனத்து வண்டிதாம்மா, காலியாத்தான் வரும்" என்றார் அவர்.

"அப்போ நான் வர்றேன். என் தையல் மிஷின் அங்க கெடக்குது. இதுலயே ஏத்திக்கினு வந்துடறேன். வேல வெட்டி இல்லாம எத்தினி நாளு அத்தா வீட்ல உக்காந்திருக்கிறது?"

மிஷின் போய்விட்டால் அப்புறம் விழுப்புரத்தில் அவளுக்கு என்று ஒன்றுமே இல்லை. நான்தான் பாக்கி. என்னை ஏற்ற லாரி வராது.

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள். "ஒண்ணு சொல்லிடறேன். விழுப்புரம் போற வரைக்கும் ஒரு ஜோக் வாயில இருந்து வந்துச்சு, எறங்கி பஸ் ஏறிப் போய்க்கினே இருப்பேன். மிஷினுக்கு அத்தாவ அனுப்பிப்பேன்."

தலையசைத்தேன். மீன் பிடித்துப் பிழைப்பவனைப் பார்த்து, கடலைத் திரும்பிப் பார்க்காதே என்று சொன்னதுபோல் இருந்தது.

ஆ வண்டி வேறு ஜாதி. கைப்பிடி அகலமாக, உயரமாக, நம்மை நாற்காலியில் உட்காரவைப்பது மாதிரி நிமிர்த்தி உட்கார வைத்தது. முன் கண்ணாடி காற்றைத் தூக்கித் தலைக்கு மேல் விட்டது. சீட்டில் மெத்தை இருந்தது. பள்ளம் வந்தால் அ வண்டி முதுகெலும்புக்குத் தந்தி அடிக்கும். ஆ வண்டி அப்படியில்லை, மெதுவாக இறங்கி மெதுவாக ஏறும், தொட்டில் மாதிரி. இதையெல்லாம் எழுதிக்கொள்ளத்தான் யாரும் இல்லை. பின்சீட்டு உயரம் என்பதால் சமீரா என் தலைக்கு மேலே எங்கேயோ உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் கம்பியைப் பிடித்திருந்தாள். என்னைப் பிடிக்கவில்லை.

கூட்டேரிப்பட்டில் விசில். குமரேசன் இருவருக்கும் எலுமிச்சம்பழம் கொடுத்துச் சப்பச் சொன்னார். அரை நேர இடைவேளையாம்.

"பின்சீட்டில் ஆறுதல் எப்படி?" என்றார் சீனுவாசன்.

"இவரு முதுகு தெரியுது" என்றாள் சமீரா.

"அது ஆறுதலா, துயரமா?" என்று அவர் விடவில்லை.

"நிஜாமுதீன், தாங்கள் சொல்லுங்கள். மனைவி பின்னால் இருக்கும்போது ஓர் ஆணுக்கு எந்த இடத்தில் பாரம் தெரிகிறது?" என்று குமரேசன் தன் பங்குக்குக் கேட்டார்.

அல்லாவே! பாரம் என்று அவர் கேட்கிறார். எனக்கு ஒன்றல்ல, ஐந்தாறு பதில்கள் வரிசையில் வந்து நின்றன. சமீரா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே பஸ் ஸ்டாப்பில் திண்டிவனம் பஸ் ஒன்று கதவைத் திறந்து வைத்து நின்றிருந்தது. நான் எலுமிச்சம்பழத்தை முழுசாக வாயில் போட்டுக் கடித்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"ஆ வண்டி, கூட்டேரிப்பட்டு, கண்ணீர்" என்று ஜெசிந்தா மேடம் எழுதிக்கொண்டார். எழுதும்போது அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

அதற்கப்புறம் ஓரிடத்தில் மேம்பால வேலை. வண்டிகளைச் சர்வீஸ் ரோட்டுக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். ரோடு முழுக்க ஒட்டுப் போட்டு மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. அங்கேதான் பின்னால் ஏதோ சத்தம் கேட்பதுபோல் இருந்தது. சமீரா பேசுகிறாளா? எனக்கு அலுவலகம் கொடுத்த ஹெல்மெட் இரண்டு சைஸ் பெரிது. உள்ளே காற்றின் ஓலம் மட்டும்தான். என்ன என்று திரும்பிக் கேட்கலாம் என்றால் லாரிகள் உரசிக்கொண்டு போகின்றன. சரி, நின்றதும் கேட்கலாம் என்று ஓட்டினேன். வண்டி தாலாட்டிக்கொண்டே போயிற்று.

விக்கிரவாண்டியில் டீக்கடை ஓரம் விசில் ஊதினார்கள். சமீரா இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகம் அழுது முடித்த முகம். ஆனால் தெளிந்திருந்தது. என் தோளில் கை வைத்தாள்.

"ஒரு மாசமா நெஞ்சில கெடந்தத எல்லாம் சொல்லிட்டேன் மச்சான். நீங்களும் ஊடால ஒரு வார்த்த பேசல. நான் சொல்லச் சொல்ல ஆமா ஆமான்னு தலையாட்டிக்கினே வந்தீங்களே, அது போதும் எனக்கு."

நான் எங்கே தலையாட்டினேன்? ஆட்டியது ஆ வண்டியின் சஸ்பென்ஷன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அந்தப் பெரிய ஹெல்மெட் தானாக ஆமோதித்திருக்கிறது.

"அற்புதம்!" என்று ஜீப்பிலிருந்து குதித்தார் சீனுவாசன். "ஆறுதல் கிடைத்துவிட்டது! வண்டி ஓடும்போது! நிஜாமுதீன், உறுதி செய்யுங்கள். அம்மையார் சொன்னதெல்லாம் கேட்டதா?"

கேட்டது என்ற ஒரு வார்த்தை போதும். ஆ வண்டி ஜெயித்திருக்கும். மிஷின் விழுப்புரத்திலேயே இருந்திருக்கும். எனக்கு அந்த வார்த்தை வரவில்லை. ஜோக்கும் வரவில்லை.

"எதுவும் கேக்கல சமீரா. காத்து சத்தம். தல தானா ஆடியிருக்குது. ரோடு அப்பிடி."

அவள் கை தோளிலிருந்து இறங்கியது. திண்டிவனம் போகும் பஸ் நிற்கும் பக்கம் ஒருமுறை பார்த்தாள். நான் டீக்கடை பெஞ்சின் மேல் இருந்த தண்ணீர் ஜக்கை நகர்த்தி இடம் பண்ணினேன்.

"இன்னொரு தடவ சொல்றியா? இங்க சத்தமில்ல."

ஹெல்மெட்டை வண்டியின் கண்ணாடியில் மாட்டினாள். அப்புறம் பெஞ்சின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். "லோடுன்னு சொன்னதுக்காகத்தான் கோவம்னு நெனச்சிக்கினு இருக்கீங்களா? அதுக்கில்ல. இடுப்பு வலிக்குதுன்னு சொன்னேன். நெஜமா வலிச்சிது. எங்க வலிக்குதுன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா? அன்னிக்கி இல்லன்னா போவுது, இந்த ஒரு மாசத்துல?"

"எங்க வலிக்குது?" என்றேன்.

சொன்னாள். இடுப்பில் தொடங்கி, கல்யாணமான முதல் வருடம்வரைக்கும் போனாள்.

நடுவில் குமரேசன் கூடுதல் நேரம் முடிந்தது என்று விசில் ஊதினார். ஜெசிந்தா மேடம் அந்த விசிலைக் கையிலிருந்து பிடுங்கித் தன் ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டார். சீனுவாசன் சார் கொஞ்ச நேரம் எங்களை, கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்த ஆ வண்டியை, மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு ஜீப்பின் மூக்கில் காகிதத்தை வைத்துத் தானே அறிக்கை எழுதினார். மறுநாள் நான்தான் நாற்பது பிரதி எடுத்தேன். 'ஆறுதலானது வண்டி நிற்கும்போது மட்டுமே ஏற்படுகிறது. நிற்பதில் இரண்டு வண்டிகளும் சமம். ஆகவே இரண்டையும் வாங்கலாம். ஓட்டக் கூடாது.' தலைமையகம் ஏற்றுக்கொண்டுவிட்டது. இரண்டும் இப்போது அலுவலகப் போர்ட்டிகோவில் உறை போட்டு நிற்கின்றன.

அன்று விக்கிரவாண்டியில் வெயில் சாயத் தொடங்கியிருந்தது. மினி லாரி டிரைவர் ஹாரன் அடித்து, "ம்மா, ஜல்தி! மிஷின் ஏத்தணுமா வேணாமா?" என்று கத்தினார்.

"நீங்க போங்கண்ணே" என்றாள் சமீரா, அவர் பக்கம் திரும்பாமலே. "நான் இன்னும் முடிக்கல." பிறகு என்னைப் பார்த்து, "கேக்குதா?" என்றாள்.

தலையாட்டினேன். வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது.